நீ போன பிறகு தொடங்கும் வகுப்பு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. வானவில் மன்றம் திட்டத்தில் சேர்ந்து, வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போய்வருகிறாய் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. 2022 நவம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியபோது, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை உள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு அறிவியல் போய்ச் சேரப்போகிறது என்று எங்களைப் போன்றவர்கள் மிகவும் மகிழ்ந்தோம். துளிர் இல்லம் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்களில் மாலை நேரத்தில், கிடைத்த பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாங்கள் செய்துவந்த வேலை பள்ளி நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டது. அது சின்ன விஷயம் இல்லை.

மரத்தடியிலும் வயல் வரப்பிலும் வீட்டிலும் செய்யக்கூடிய ஐம்பது செயல்பாடுகளைப் பட்டியல் போட்டு அனுப்பச் சொல்கிறாய். அனுப்பப்போவதில்லை. 1987 முதல் வெளிவரும் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழ்களைப் புரட்டினால் ஐம்பது என்ன, ஐந்நூறே கிடைக்கும். எளிய பொருட்களால் அறிவியல் பொம்மை செய்யும் அரவிந்த் குப்தாவின் புத்தகங்களில் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்துச் செய்யும் வடிவங்கள் மட்டுமே ஒரு வருடத்துக்குப் போதும். உன்னிடம் பட்டியலுக்குப் பஞ்சம் வராது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் திணறுவாய். அதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றே ஒன்று: நீ அந்த ஊரை விட்டுக் கிளம்பிய மறுநாள், யாரும் சொல்லாமலே, பிள்ளைகள் அதைத் திரும்பப் போய்ப் பார்ப்பார்களா?

எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைப் போட்டால் நுரை பொங்கும். பிள்ளைகள் கைதட்டுவார்கள், தலைமையாசிரியர் போட்டோ எடுப்பார். நானும் செய்திருக்கிறேன், செய்வதில் தப்பும் இல்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் அது முடிந்துபோகும். மறுநாள் போய்ப் பார்க்க அங்கே எதுவும் மிச்சமிருக்காது. உன் பொறுப்பில் நிறைய பள்ளிகள் இருக்கின்றன, ஒரு பள்ளிக்கு மறுபடி போக நாளாகும் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் நீ இருக்கும் அந்த ஒரு மணி நேரம் விதைப்பதற்குத்தான் காணும். நீ இல்லாத நாட்களில் அங்கே என்ன நடக்கிறது என்பதை முன்கூட்டி யோசித்து, அதற்காகவே அந்த ஒரு மணி நேரத்தைச் செலவிடு.

குழியானைப் பூச்சியை எடுத்துக்கொள். பள்ளித் தாழ்வாரத்து ஓரம், சாரல் படாத இடத்தில், மெல்லிய புழுதியில் புனல் புனலாகக் குழிகள் இருக்கும். கோயில் மண்டபத்து மூலையிலும் திண்ணையடியிலும் இருக்கும். கிராமத்தில் அதைப் பிடித்து விளையாடாத பிள்ளை அநேகமாக இல்லை. ஊதினால் வெளியே வரும், உள்ளங்கையில் விட்டால் பின்னாலேயே நகரும், எறும்பு விழுந்தால் பிடிக்கும். இவ்வளவும் அவர்கள் உனக்குச் சொல்வார்கள். சொல்லவிடு. அவர்களுக்குத் தெரிந்ததை முழுதாகக் கேட்டு முடிக்காமல் நீ வாயைத் திறக்காதே.

பிறகு ஆளுக்கு ஒரு குழியைத் தேர்ந்தெடுக்கச் சொல். பக்கத்தில் ஒரு ஈர்க்குச்சியை நட்டு அடையாளம் வைக்கட்டும். அளவுகோலைக் கிடையாகப் பிடித்து வாயகலத்தை அளக்கட்டும். தாழ்வாரத்தின் படத்தை வரைந்து எந்தக் குழி எங்கே என்று குறிக்கட்டும். அன்றைக்கு அவ்வளவுதான். நீ வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

மறுநாள் காலையில் மணி அடிப்பதற்கு முன்னால் யாராவது ஒரு பிள்ளை போய்ப் பார்க்கும். குழி பெரிதாகியிருக்கும், அல்லது ஒரு சாண் தள்ளிப் புதிதாக ஒன்று தோன்றியிருக்கும். குழியின் விளிம்பில் காய்ந்த எறும்புத் தோல் கிடக்கும். அது முந்தின நாள் வேட்டையின் சாட்சி. குழியானை இரையின் சாற்றை உறிஞ்சிவிட்டுச் சக்கையை வெளியே எறிந்துவிடும். குழி வாரியாக அந்தச் சக்கைகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டிவைத்தால் யார் எதைத் தின்றார்கள் என்று ஒரு மாதக் கணக்குக் கிடைக்கும். எறும்பு விழும் நேரத்தில் பக்கத்தில் இருக்க வாய்த்த பிள்ளை அந்த ஆண்டு முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருக்கும். எறும்பு ஏற முயலும், சரிவு சரியும், அடியில் இருப்பது தலையால் மண்ணை வாரி வாரி மேலே வீசும், விழும் மணலோடு எறும்பும் இறங்கும், இரண்டு கொடுக்குத்தாடைகள் மட்டும் ஒரு கணம் தெரியும்.

அடுத்த முறை போகும்போது ஒரு கோணமானியைக் கொண்டுபோ. காய்ந்த மணலைக் கைப்பிடியிலிருந்து மெல்ல ஒழுகவிட்டுக் குவியலாக்கினால், குவியல் சிறியதோ பெரியதோ, சரிவு ஏறக்குறைய ஒரே கோணத்தில் நிற்கும். சாதாரண உலர்ந்த மணலுக்கு 30 முதல் 35 பாகை. அதற்கு மேல் செங்குத்தாக்க முயன்றால் சரிந்துவிடும். குழியானை தன் குழியை அந்தச் சரியும் விளிம்பிலேயே வைத்திருக்கிறது. எறும்பு கால் வைத்ததும் சுவர் இறங்குவதற்குக் காரணம் இதுதான். இதைப் பிள்ளைகளே குவியலையும் குழியையும் மாறி மாறிப் பார்த்துக் கண்டுபிடிக்கும்போது நீ சும்மா இரு. ஒரு தட்டில் பாதிக்குச் சலித்த மணலும் பாதிக்குக் கப்பி மணலும் பரப்பி, நடுவில் ஒரு குழியானையை விட்டு, எந்தப் பக்கம் தோண்டும் என்று ஆளுக்கு ஒரு பதிலை எழுதிவைக்கச் சொல். காலையில் வந்து பார்த்தால் பெரும்பாலும் சலித்த மணல் பக்கத்தில்தான் குழி இருக்கும். ‘பெரும்பாலும்’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். ஒரு தட்டில் மாறி நடந்தால் அதையும் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது.

இந்தக் குழியானை வளர்ந்து என்னவாகும் என்று கேட்டுப் பார். ஊரில் பெரியவர்களுக்கும் தெரியாது, பல ஆசிரியர்களுக்கும் தெரியாது. வாயகன்ற கண்ணாடிப் புட்டியில் பாதிக்கு மணல் போட்டு, பெரிய குழியானையாகப் பார்த்து விட்டு, வாயைத் துணியால் கட்டிவைத்தால் ஒரு நாள் குழி மறைந்துவிடும். மணலுக்குள் தன் நூலாலேயே மணலைக் கோத்து ஓர் உருண்டை செய்து உள்ளே அடங்கிவிடும். கிளறக் கூடாது. வாரங்கள் கழித்து நீண்ட சிறகோடு ஒரு பூச்சி துணியைப் பிடித்துத் தொங்கும். “தட்டான்!” என்று கத்துவார்கள். அப்போது ஒரு உண்மையான தட்டானைப் பார்க்க அழைத்துப் போ. தட்டானின் உணர்கொம்பு கண்ணுக்கு எளிதில் தெரியாத மயிர், இதற்கோ நுனி தடித்த கொம்பு. தட்டான் உட்கார்ந்தால் சிறகை விரித்து வைக்கும், இது உடம்பின் மேல் கூரையாக மூடிக்கொள்ளும். குழிக்குள் இருந்த காலம் முழுக்கக் குழியானை மலம் கழிப்பதே இல்லை, எல்லாவற்றையும் சேர்த்துவைத்து இறக்கை முளைத்த பிறகுதான் வெளியேற்றும் என்ற செய்தியை அப்போது சொல். பிள்ளைகளுக்கு இது மிகவும் பிடிக்கும். முதல் நாளே சொல்லியிருந்தால் மற்றதைப் பார்க்கப் பொறுமை இருந்திருக்காது.

“எறும்பு பாவம் இல்லையா?” என்று ஒரு பிள்ளை கேட்கும். எந்த ஊரிலும் கேட்கும். சிரித்துக் கடந்துவிடாதே, “இயற்கை அப்படித்தான்” என்று பெரிய மனுஷத்தனமாக மூடிவிடவும் வேண்டாம். குழியில் நாமாக எறும்பைப் போடுவதா, தானாக விழும்வரை காத்திருப்பதா என்று அந்தக் குழுவே பேசி முடிவெடுக்கட்டும். காத்திருப்பது என்று முடிவானால் காத்திருங்கள். புட்டியில் வளர்ப்பதற்கு இரை போட்டுத்தான் ஆக வேண்டும். அதில் மனமில்லை என்றால் எடுத்த இடத்திலேயே திரும்ப விட்டுவிடட்டும். இந்தப் பேச்சுக்குப் போகும் அரை மணி நேரம் அறிவியல் வகுப்பில் வீணான நேரம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

விடை சொல்வதா வேண்டாமா என்பதைப் பற்றியும் கேட்டிருந்தாய். மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972-ல், கிஷோர் பாரதி அமைப்பும் ரசூலியாவில் இருந்த ஃப்ரெண்ட்ஸ் ரூரல் சென்டரும் சேர்ந்து 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் திட்டம் தொடங்கின. பின்னால் 1982-ல் ஏகலவ்யா அமைப்பு உருவாகி அதை எடுத்து நடத்தியது. அவர்களுடைய பாடப்புத்தகத்தில் கேள்விகள் இருந்தன, விடைகள் இல்லை. செய்துபார்த்தால்தான் பக்கம் நிறையும். நம் வேலையில் இருப்பவர்கள் பலர் இதை மட்டும் தெரிந்துகொண்டு, விடையே சொல்லக் கூடாது என்று பிடிவாதம் பிடிக்கிறார்கள். அதே திட்டத்தில் ‘சவாலிராம்’ என்று ஒரு கற்பனைப் பெயர் உண்டு. பிள்ளைகள் தங்களுக்குத் தோன்றிய எந்தக் கேள்வியையும் சவாலிராமுக்குக் கடிதமாக எழுதலாம், பதிலும் வரும். செய்து பார்த்து அறிய முடிந்ததைச் செய்துபார்க்க விட்டார்கள், முடியாததை மரியாதையோடு சொன்னார்கள். மாநில அரசு 2002-ல் அந்தத் திட்டத்தை நிறுத்திவிட்டது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். ஆனால் அந்த இரண்டு பழக்கங்களும் நம்மிடம் இருக்கலாம். “எப்படிக் கண்டுபிடிக்கலாம்?” என்று முதலில் கேள். அவர்களிடம் இருக்கும் பொருளையும் நாளையும் வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை என்றால் தெரிந்ததைச் சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, பதிலைத் தேடி அடுத்த முறை கொண்டுபோ. மறக்காமல் கொண்டுபோ. பிள்ளைகள் அதை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

எருக்கஞ்செடி இல்லாத ஊர் உன் வழியில் இருக்காது. இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்தால் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளை முட்டைகள் தெரியும். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி இட்டவை. கறுப்பும் வெள்ளையும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழு வரும், முதுகில் மூன்று சோடிக் கறுப்புக் கொம்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். முட்டையிலிருந்து சிறகு விரிவதுவரை மூன்று நான்கு வாரம். செடியைப் பிடுங்கி வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். கிளையோடு சேர்த்துக் கொசுவலைத் துணியைப் பையாகக் கட்டிவிட்டால் போதும். ஒன்று முக்கியம்: எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். இலையைக் கிள்ளிய கையோடு கண்ணைக் கசக்கும் வயது அது. சோப்பும் தண்ணீரும் பக்கத்தில் இல்லாமல் எருக்கைத் தொடவிடாதே. தப்பித் தவறிப் பட்டுவிட்டால் தண்ணீரால் நன்றாகக் கழுவி உடனே மருத்துவரிடம் கூட்டிப்போ.

சில கூடுகளிலிருந்து வண்ணத்துப்பூச்சி வராது. கூடு பழுத்துக் கறுத்து, உள்ளேயிருந்து ஈயின் புழு வெளியே வரும். ஒட்டுண்ணி ஈ ஒன்றின் சந்ததி உள்ளே இருந்து தின்று வளர்ந்திருக்கும். ஒரு மாதமாகப் பார்த்துப் பார்த்துக் காத்த பிள்ளை அழும். பல பேர் இந்த இடத்தில் கூட்டைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு புழுவைக் கொடுத்துச் சமாதானம் செய்வார்கள். அப்படிச் செய்யாதே. அழட்டும், பக்கத்தில் இரு. பிறகு அந்த ஈயின் புழுவையும் ஒரு புட்டியில் வைத்து, அது ஈயாக வருவதைப் பார்க்கச் சொல். கண்ட முட்டை எத்தனை, புழு எத்தனை, கூடு எத்தனை, பறந்து போனது எத்தனை என்று பள்ளிச் சுற்றுச்சுவர் ஓரத்து எருக்குக்கு ஒரு கணக்கு எழுதவை. முட்டை அத்தனையும் பிழைத்திருந்தால் அந்தச் செடியில் இலை மிஞ்சியிருக்குமா என்று அவர்களிடமே கேள். பாடப்புத்தகத்தில் உணவுச்சங்கிலி என்று அம்புக்குறி போட்டுக் காட்டுவதை, அந்தக் கணக்கு எழுதிய பிள்ளை வேறு கண்ணோடு படிக்கும்.

செலவே இல்லாதது கொடிக்கம்பம். அநேகமாக எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. காலை பதினொன்றரையிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு நிழல் மிகச் சிறியதாக இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள், இருக்காது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு வைத்தது. கோயம்புத்தூர் ஏறக்குறைய 77 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல நான்கு நிமிடம் ஆகும் என்பதால் அங்கே உச்சி சுமார் 22 நிமிடம் பிந்தும். சென்னையில் ஒன்பது நிமிடம். ஆண்டின் போக்கில் இது கால் மணி வரை முன்பின் நகரும் என்பதால் ஒரு நாள் அளந்தது போதாது, மாதம் ஒரு முறை அளக்க வேண்டும். ஜூனில் அளக்கும் பிள்ளைகளுக்கு இன்னொன்று காத்திருக்கிறது. உச்சி நிழல் தெற்கே விழும். உச்சியில் நிழலே இல்லாத நாள் சென்னைக்கு ஏப்ரல் 24-ஐயும் ஆகஸ்ட் 18-ஐயும் ஒட்டி வரும். கன்னியாகுமரிக்கு ஏப்ரல் 10-ஐ ஒட்டியும் செப்டம்பர் தொடக்கத்திலும் வரும். ஏப்ரல் நாள் தேர்விலும் விடுமுறையிலும் போய்விடுகிறது, நமக்கு ஆவணி நாள்தான் கைகொடுக்கும். ஆகஸ்டில் மேகம் மூடுமே என்று கேட்பாய். மூடும். அப்போதும் ஒரு நாளை மட்டும் நம்பாமல் மாதாமாதம் கல் வைத்த பள்ளிக்கு நஷ்டம் இல்லை.

ஃபாபர் என்ற பிரெஞ்சுப் பூச்சியியல் அறிஞரைப் படித்திருப்பாய். வசதியில்லாத பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1879-ல் செரீன்யான் என்ற ஊரில் யாருக்கும் வேண்டாத ஒரு கல்லுக்காட்டை வாங்கி, 1915-ல் இறக்கும்வரை அங்கேயே இருந்து குளவிகளையும் வண்டுகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஓர் இடத்தை விடாமல் பார்த்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு அவரை விட வேறு சாட்சி தேவையில்லை. நம் நாட்டில் சீசன்வாட்ச் என்ற திட்டம், ஒரே மரத்தை வாரம் ஒரு முறை பார்த்துத் தளிர், பூ, காய் எவ்வளவு என்று பதியச் சொல்கிறது. பள்ளிகளும் சேரலாம். பள்ளியில் வேம்போ புங்கமோ சரக்கொன்றையோ இருந்தால் போதும். பொங்கல் விடுமுறையில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. கால் மணி நேரம் ஓரிடத்தில் நின்று எண்ணினாலே பதிவு செய்யலாம். காகமும் மைனாவும் மட்டும்தான் வந்தன என்று பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். காகத்தின் எண்ணிக்கையும் கணக்குத்தான் என்று சொல்லிவை.

இப்போது வீடு. ஏழாம் எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் பலருக்கு வயதுக்கு வந்த பிறகு மாலையில் வெளியே போக அனுமதி இருக்காது. கண்மாய்க்கரை, ஓடை என்று நீ வைக்கும் எல்லாமே அண்ணன் தம்பிகளுக்கு மட்டும் என்று ஆகிவிடும். இதை யோசிக்காமல் திட்டம் போட்டால் பாதி வகுப்பு உன் கையை விட்டுப் போய்விடும். அதற்காகச் சமையலறைச் சோதனைகளைப் பெண்களுக்கும் குளத்தங்கரையை ஆண்களுக்கும் என்று பிரித்தும் விடாதே. வீட்டு வேலைகளை எல்லாருக்கும் கொடு. பையன்களும் அடுப்படிக்குள் போகட்டும். வெளி வேலைகளைப் பள்ளி நேரத்திலேயே, எல்லாருமாக, பள்ளி வளாகத்துக்குள் முடிக்கப் பார்.

ஆரத்தித் தண்ணீர் ஏன் சிவப்பு என்று கேட்டுத் தொடங்கு. மஞ்சளும் சுண்ணாம்பும். வெள்ளைச் சட்டையில் மஞ்சள் கறை பட்டு, சோப்புப் போட்டதும் சிவந்து, அலசியதும் மறுபடி மஞ்சளானதை எல்லாரும் பார்த்திருப்பார்கள், கேட்டிருக்கமாட்டார்கள். மஞ்சளைக் கரைத்துத் தாளில் தோய்த்துக் காயவைத்து, வீட்டில் இருக்கும் எதையெல்லாம் தொட்டால் சிவக்கிறது என்று பார்க்கட்டும். சாம்பல் கரைத்த தண்ணீர் சிவக்கவைக்கும், புளித்தண்ணீருக்கு அசையாது. மஞ்சளுக்குக் காரம் மட்டும்தான் தெரியும், புளிப்பு தெரியாது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்த பிறகு நீலச் சங்குப்பூவைக் கொடு. அதன் சாறு எலுமிச்சைக்கு ஊதாவாகும், சோப்புக்குப் பச்சையாகும். இந்த வரிசையை மாற்றாதே. சங்குப்பூவை முதலில் கொடுத்துவிட்டால் மஞ்சளிடம் குறை இருப்பதே தெரியாமல் போகும்.

மழை தொடங்கியதும் வேலியோரம் பட்டாசுக்காய்ச் செடி நிறைய வரும். ஊதாப் பூ, காய்ந்த நீளக் காய். எச்சில் தொட்டு வைத்தால் ‘பட்’டென்று வெடிக்கும் அந்தக் காய்தான். வீட்டுக்கு எடுத்துப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, வெடிக்க எத்தனை எண்ணுகிற நேரம் ஆகிறது என்று பார்க்கலாம். பழுப்பான காய்க்கும் பச்சைக் காய்க்கும் ஒன்றா? வெடித்த விதை எவ்வளவு தூரம் போய் விழுந்தது? விதையை ஈரவிரலில் வைத்தால் வழவழப்பாகி ஒட்டிக்கொள்ளும். வெயிலில் வெடிக்காமல், மழை வந்தால்தான் வெடிப்பேன் என்று அந்தக் காய் ஏன் இருக்கிறது என்பதைப் பாட்டியிடமும் கேட்டு வரச் சொல்.

கொசுப்புழுவையும் சொல்ல வேண்டும். கொல்லையில் கிடக்கும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் இருக்கும். கண்ணாடிப் புட்டியில் எடுத்து, வாயைத் துணியால் இறுக்கிக் கட்டிப் பார்க்கலாம். டெங்கு பரப்பும் கொசுவின் புழு நீர்ப்பரப்பில் வால்குழாயை ஊன்றித் தலைகீழாகச் சாய்ந்து தொங்கும். மலேரியாக் கொசுவின் புழு பரப்போடு ஒட்டிப் படுத்திருக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரிந்த பிள்ளை தன் தெருவையே சோதித்துப் பார்க்கும். பார்த்து முடித்ததும் தண்ணீரைக் காய்ந்த தரையில் கொட்டிவிட வேண்டும், சாக்கடையில் அல்ல. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் இதைச் செய்யவிடாதே. வீட்டில் திட்டு விழுமே என்று பயப்படாதே. எந்தச் சிரட்டையில் புழு இருந்தது என்று பிள்ளை காட்டிய பிறகு அந்தச் சிரட்டையைக் கவிழ்க்காத அம்மா கிடையாது.

கடைசி பெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. வயல் நண்டு பிடிக்கிற பையன், எலி வளையை அடையாளம் தெரிந்தவன், ஆடு மேய்த்துவிட்டுப் பள்ளிக்கு வருகிற பெண், இவர்களெல்லாம் வகுப்பில் பேசாமல் இருப்பார்கள். வெளியே அழைத்துப் போனால் அவர்கள்தான் ஆசிரியர்கள். வேறு பிள்ளைகள் சிரிக்கும் ஆபத்து உண்டு. எலி, நண்டு என்றதும் சாதி நினைவு வந்து முகம் சுளிக்கிற வீடுகளிலிருந்து வந்தவர்களும் அங்கே இருப்பார்கள். அந்தச் சிரிப்பை முதல் நாளிலேயே நிறுத்து. சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி சொல்: இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978-ல் தொடங்கி, மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இயங்குகிறது. பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய நஞ்சை நாட்டுக்குத் தருகிற சங்கம் அது. அந்தச் சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புழுதியில் கிடக்கும் தடத்தைப் பார்த்து எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லும் அறிவு கூர்ந்து பார்ப்பதில் பிறந்தது. அதை நம் பிள்ளைகளிடம் அறிவு என்ற பெயரிலேயே சொல்.

பாதுகாப்பில் சமரசம் வேண்டாம். கல்லைப் புரட்டும்போது உன் பக்க விளிம்பு தரையில் இருக்க, எதிர்ப்பக்கத்தைத் தூக்கு. உள்ளே தேளோ பாம்போ இருந்தால் அந்தத் திறந்த பக்கமாகப் போய்விடும். பார்த்த பிறகு கல்லை இருந்தபடியே வை, அது யாருடையதோ வீடு. பொந்தில் கை விடுவது, கிணற்றடிக்கும் கண்மாய்க்கும் தனியாகப் போவது, தேன்கூட்டின் மேல் கல்லெறிவது, மூன்றும் கிடையாது. பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுக்கிக் கட்டுவதும் கூடாது, 108-ஐ அழைத்து நேரே அரசு மருத்துவமனைக்கு. பறவைக் கூட்டையும் முட்டையையும் எடுத்துவந்து கண்காட்சி வைக்கச் சொல்வார்கள். மறுத்துவிடு. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பதும் நட்சத்திர ஆமை வைத்திருப்பதும்கூடக் குற்றம் என்று பல வீடுகளுக்குத் தெரியாது. மிரட்டாமல் எடுத்துச் சொல்.

நீ போன பிறகு இதையெல்லாம் தாங்கப்போவது வகுப்பாசிரியர். அவரை ஓரமாக உட்காரவைத்துவிட்டு நீ மட்டும் நடத்திவிட்டு வராதே. முதல் குழியை அவரே தேர்ந்தெடுக்கட்டும். ஒரு பொது நோட்டை அவர் மேசையில் வை: தேதி, நேரம், வெயிலா மேகமா, என்ன பார்த்தேன், ஒரு படம். எழுத்துப் பிழைக்குச் சிவப்பு மை கூடாது என்று அவரிடம் பணிவாகக் கேட்டுக்கொள். அடுத்த முறை போனதும் வண்டியை நிறுத்திவிட்டு முதலில் அந்த நோட்டைப் படி, பிள்ளைகளின் முன்னாலேயே படி. பதிவேற்ற வேண்டிய போட்டோவுக்கு நோட்டின் பக்கத்தையே எடுத்து அனுப்பலாம்.

உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பற்றிக் கேட்டிருந்தாயே. பெரிய கைப்பிடிக் கண்ணாடி வேண்டாம், அது அதிகம் பெருக்காது. மடக்கி வைக்கும் 10 மடங்குக் கண்ணாடி சிறியதுதான், ஆனால் எறும்பின் தாடை தெரியும். கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, பார்க்கும் பொருளைக் கண்ணை நோக்கிக் கொண்டுவர வேண்டும். பிள்ளைகள் தலைகீழாகச் செய்வார்கள். ஒவ்வொருவரின் கையையும் பிடித்து ஒரு முறை காட்டிவிடு. அதைக் கொண்டு சூரியனைப் பார்க்கக் கூடாது என்பதைக் கையில் கொடுப்பதற்கு முன்பே சொல். அந்த ஒரு கண்ணாடியையும் பெட்டியில் பூட்டி வைக்காமல் பள்ளியில் விட்டுவிட்டு வா. தொலைந்துபோனால் எனக்கு எழுது, இன்னொன்று அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்